வெள்ளிக்கிழமைக்காரர்

"பாவா, அந்தப் பொட்டிக்கடையை அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல என் வண்டிக்குள்ள ரெண்டு வீசு வீசிட்டுப் போ" என்று ஞானசீலன் கையைத் தட்டிக் கூப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை காலைகளில் மயிலிறகுக் கட்டும் சாம்பிராணித் தட்டுமாகக் கடை கடையாக ஏறி இறங்கும் பக்கிரி பாவா, மறுபேச்சுப் பேசாமல் எங்கள் வீட்டை அடுத்த காலி மனையில் நிற்கும் பழைய மாட்டடார் வேனின் பின்கதவுக்குள் தலையை நுழைக்கிறார். உள்ளே புகை நிறைகிறது. நாலைந்து தெருநாய்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, புகை எப்போது அடங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"இன்னாடா பார்க்கறீங்க? ஒண்ணுமில்ல உள்ள. எல்லாம் காலி" என்று அவற்றிடம் சொல்கிறார். நாய்கள் நம்புவதில்லை. அந்த வேன் பல வருஷம் பச்சைத்தோல் ஏற்றிய வண்டி. சீயக்காய், பினாயில், சுண்ணாம்பு என்று எல்லாவற்றாலும் கழுவிப் பார்த்துவிட்டார். வாசனை கம்மியாகியிருக்கிறது, போகவில்லை.

ஞானசீலன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் ஃபிட்டர். தோல்களைத் தண்ணீரோடும் பட்டைச் சாறோடும் போட்டு உருட்டுகிற, ஒரு சின்ன வீட்டளவு மர டிரம்கள் அங்கே உண்டு. அவை நிற்காமல் சுற்ற வேண்டும். அதுதான் இவர் வேலை. அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து இவர் எது பேசினாலும் தெருக்கோடிவரை கேட்கும். ரகசியம் சொல்வதானால் கையை வாயருகே வைத்துக்கொள்வார். சத்தம் அப்படியேதான் இருக்கும். தலை சற்று இடது பக்கம் சாய்ந்திருக்கும். கட்டம் போட்ட கைலி, மேல் பட்டன் இல்லாத காக்கிச் சட்டை. சட்டைப் பையில் சீப்பு இருக்கும், தலையில் வாருவதற்கு முடி இருக்காது.

எங்கள் வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் அவரும் அவர் மனைவி ஜெயபுஷ்பமும் நான் பிறப்பதற்கு முன்னாலேயே குடி வந்துவிட்டார்கள். ஜெயபுஷ்பம் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவுக்கே சிஸ்டரம்மா. விடிவதற்குள் மாதனூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். ஒரே பெண் கிரேஸி பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருக்கிறாள்.

எங்கள் ஊரில் தோல் ஷாப்புகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. முதலாளிகள் ஜும்ஆ தொழுகைக்குப் போகிற நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலச் சங்கு ஊதிவிடும். ஆஸ்பத்திரியில் சிஸ்டரம்மா வேலை பார்த்த ஓ.பி.க்கோ, அதாவது வெளிநோயாளிப் பிரிவுக்கோ, ஞாயிறு மட்டும்தான் லீவு. ஆகவே கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் ஒரே வீட்டில் வேறு வேறு கிழமைகளில் குடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இவர் தனியாக. ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக.

அதை இருவரும் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஞானசீலன் மனைவியின் வெள்ளை யூனிஃபார்ம் சேலைகளுக்குக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டு அடுக்குவார். கிரீஸ் ஏறிய அந்த விரல்கள் துணியில் ஒரு பொட்டுக் கறை வைத்து நான் பார்த்ததில்லை. விரல்களில் பழந்துணியைச் சுற்றிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரம்மா காலை ஆராதனை முடிந்து வந்து, கணவரின் காக்கிச் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பார். மேல் பட்டன் மட்டும் எப்படியோ அடுத்த ஞாயிறுக்குள் போய்விடும். "வேணும்னே பிச்சிக்கிறாரோ இன்னாவோ" என்பார்.

"ஞாயித்துக்கிழமை லீவு குடுங்கன்னு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக்கறேன் பாப்பா" என்று ஞானசீலன் ஒருமுறை சொன்னார். அவர் முதலாளி நசீர் அகமது நல்ல மனிதர்தான். ஆனால் வேறு ஃபிட்டர் கிடையாது. "நீ இல்லாத நேரம் டிரம்மு நின்னுட்டா நான் உள்ள பூந்து உருட்டட்டுமா?" என்று கேட்பாராம். இருவரும் சிரிப்பார்கள். அடுத்த கிறிஸ்மஸ் வரும்.

எண்பத்து நாலாம் வருஷக் கோடையில் சிஸ்டரம்மாவுக்குச் சவுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மெட்ராஸில் நடந்த இன்டர்வியூவுக்குத் தோழியோடு துணைக்குப் போனவர். தோழி தேறவில்லை, இவர் தேறிவிட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தம். அந்த ஆஸ்பத்திரியின் வயது வரம்புப்படி இதைவிட்டால் மறு வாய்ப்பு இல்லை. ரம்ஜான் கழிந்ததும் வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

செய்தி தெரிந்த அடுத்த வெள்ளிக்கிழமைதான் அந்த வேன் காலி மனைக்கு வந்து சேர்ந்தது. ஷாப்பின் பின்புறத்தில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டி. "எடுத்துகினு போ, எடத்தை அடைக்குது" என்று முதலாளி கொடுத்துவிட்டார். சிஸ்டரம்மா போகப்போகிறாரா இல்லையா என்று தெருவே பேசிக்கொண்டிருக்க, ஞானசீலன் வாயே திறக்காமல் வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார்.

என்ஜினைப் பிரித்துக் கோர்த்தார். பின்பக்கம் ஒரு ஸ்டவ் வைக்க மேடை, குடம் உருளாமல் நிற்க ஒரு வளையம். ஜன்னல்களுக்குத் திரை மனைவியின் நைந்த யூனிஃபார்ம் சேலைகள். கட்டிலுக்குப் பலகை, ஷாப்பில் கழித்துப் போட்ட ஒரு டிரம்மிலிருந்து வந்தது. பட்டைச் சாறு குடித்துக் குடித்துக் கறுத்த, கல்லைப் போன்ற பலகைகள். ஆனால் டிரம்முக்கென்று வளைவாக இழைத்தவை அவை. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியபோது கட்டிலின் நடுவே ஒரு பள்ளம் விழுந்தது. இழைத்துப் பார்த்தார், உளிதான் மழுங்கியது.

"இது கட்டிலா, இல்ல என்னை உள்ள போட்டு உருட்டப்போறீங்களா?" என்றார் சிஸ்டரம்மா, முதல்முறை பார்த்தபோது.

"படுத்துப் பாரு, அப்புறம் பேசு."

"ஏன் ஃபிட்டர், குடும்பம் நடத்த என் வீடு பத்தலியா?" என்று என் அம்மா கேட்டார்.

"வீட்ல கடல் இல்லியே அக்கா" என்றார் ஞானசீலன்.

ரம்ஜானுக்கு ஷாப்பு மூடியது. சிஸ்டரம்மா சேர்ந்து கிடந்த லீவை எழுதிக் கொடுத்தார். வந்தவாசி, திண்டிவனம் வழியாக மரக்காணம் போய்க் கடலைத் தொடுவது, அங்கிருந்து கரையோரமாகவே இறங்கித் தரங்கம்பாடி வரை போவது என்று திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தரங்கம்பாடியில் இருக்கிற பழைய தேவாலயத்தில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு ஆராதனை கேட்க வேண்டும். ஞானசீலனுக்கு அதுதான் பயணமே. ஷாப்பு ஞாயிறுகளில் அவருக்கு மாலை ஆராதனைதான் வாய்த்திருந்தது.

போய்வந்த கதை எனக்கு இரண்டு தவணைகளில் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் சொன்னது ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சிஸ்டரம்மா சொன்னது ஒன்று. நான் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். உருதுப் பள்ளியில் படித்துவிட்டுத் தமிழுக்கு மாறியவள். இரண்டிலும் கேட்பதுதான் எனக்குப் பேசுவதைவிடச் சுலபம்.

"டூருக்குப் போனமா, ஓ.பி. போட்டமா, ஒண்ணும் புரியல பாப்பா" என்று ஆரம்பித்தார் ஞானசீலன். மரக்காணத்தில் உப்பளம் பார்க்க இறங்கியிருக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். அதற்கப்பால் நீலமாக ஒரு கோடு, கடல். ஷாப்பில் பச்சைத்தோல் மேல் கொட்டுகிற உப்பைத்தான் அவருக்குத் தெரியும். இது இவ்வளவு அழகான இடத்திலிருந்து வருகிறது என்று காட்டலாமென்று திரும்பினால் மனைவி பக்கத்தில் இல்லை. உப்பளத்துப் பெண்ணொருத்தியின் வெடித்த குதிகாலை மடியில் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் வரிசையில். "நிக்கறவங்க எல்லாம் வண்டி நிழல்ல நில்லுங்கன்னு அதிகாரம் வேற. நான் குடத்துல தண்ணி மொண்டு மொண்டு குடுத்துகினு இருந்தேன். கம்பவுண்டர் வேலை."

"அவளுக்குப் பகல்ல சும்மா உக்காரத் தெரியாதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது பாப்பா. ராத்திரில சும்மாதான் இருப்பா, தூங்குவா" என்றும் சொன்னார்.

அதே கதைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு முகம். "அவர் மட்டும் யோக்கியமா? கடலூர்ல ஒரு போட்டு என்ஜின் இருமுது, இவர் காது அந்தப் பக்கம் போய்ட்ச்சி. புதுச் சட்டையோட உள்ள எறங்கிட்டாரு. மேல் பட்டன் அங்கதான் போச்சு" என்றார் சிஸ்டரம்மா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மத்தியானம் வாயைத் தொறந்துகினு தூங்கறாரு. எனக்குப் பயமாயிட்ச்சி, நாடி பிடிச்சுப் பார்த்தேன். இத்தினி வருஷத்துல அவர் மத்தியானத் தூக்கத்தை நான் எங்க பார்த்தேன்?"

பாண்டிச்சேரிக்கு இந்தப் பக்கம் ஒரு சவுக்குத்தோப்பில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் கடலுக்கு நேராக உட்கார்ந்து மனைவி தலை வாருவதைப் பார்த்த ஞானசீலன், காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா புஷ்பம், இவ்ளோ நரைச்சிட்ச்சா?" என்று கத்தினாராம். தோப்பில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.

"நாப்பது வாட்ஸ் பல்புல எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்" என்றாராம் சிஸ்டரம்மா.

நாய்களைப் பற்றி இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். கடற்காற்றின் ஈரம் பட்டதும் பலகைகளில் உறங்கிக்கிடந்த வாசனை எழுந்துவிட்டது. எந்த ஊரில் நிறுத்தினாலும் நாய்கள் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. சிதம்பரம் தாண்டி ஒரு கருவாட்டுக்காரி கூடையோடு கிட்டே வந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். "கருவாட்டுக்காரியே மூக்கைப் பொத்தினா, நம்ம நெலமையைப் பாருங்க" என்று சிரித்தாராம் சிஸ்டரம்மா.

கட்டிலைப் பற்றியும்தான். யார் எந்த ஓரத்தில் படுத்தாலும் விடிகிறபோது இருவரும் நடுப்பள்ளத்தில் கிடந்தார்கள். "தள்ளிப் படுங்க" என்று சொல்லிப் பயனில்லை. தள்ளிப் படுத்தால் மறுபடி உருண்டு வருவார். "அந்த ஜன்னல் கம்பியைப் பிடிச்சுகினு படுங்கன்னேன். பிடிச்சுகினுதான் படுத்தாரு. தூங்கினதும் கை விட்டுட்ச்சி. திரும்ப மேல வந்து விழுந்தாரு" என்று சொல்லிவிட்டு, கல்யாணமாகாத பெண்ணிடம் இதைப் போய்ச் சொல்கிறோமே என்று நினைத்தவர்போல் சிஸ்டரம்மா எழுந்து உலையைப் பார்க்கப் போனார்.

தரங்கம்பாடிக்குச் சனிக்கிழமையே போய்விட்டார்கள். ஞாயிறு காலை, கணவர் இஸ்திரி போட்ட பட்டுச் சேலையில் சிஸ்டரம்மாவும், மனைவி பட்டன் தைத்த சட்டையில் ஞானசீலனுமாகக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

"நான் இன்னா பண்ணுவேன் பாப்பா, அது முன்னூறு வருஷமா இருக்கற வழக்கமோ இன்னாவோ" என்றார் ஞானசீலன். "நடுவுல பாதை. அந்தப் பக்கம் அவ. பாட்டு ஆரம்பிச்சதும் நான் பாடறது அவளுக்குக் கேக்கணும்னு கொஞ்சம் ஜாஸ்தியா பாடிட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. அவ மட்டும் பார்க்கல, பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள தலையை வுட்டுகினா."

அன்று சாயங்காலம் கடற்கரை மணலில், வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் திரும்பினால் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சவுதியில் வார லீவு என்றைக்கு என்று ஞானசீலன் சும்மா கேட்டிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை" என்றாராம் சிஸ்டரம்மா.

ஞானசீலன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பைக் கேட்டுச் சிஸ்டரம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் மணலில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் இந்த ஆம்பூர்க்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

"சிரிச்சு முடிச்சப்புறம் நான் கேட்டேன்" என்றார் சிஸ்டரம்மா. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "'நான் போவட்டுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னேன். அந்த மனுஷன் எழுந்து நாயைத் தொரத்தப் போய்ட்டாரு. திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிட்ச்சி."

"அவர் எதைச் சொல்லணும்னு நீங்க நெனச்சீங்க சிஸ்டரம்மா?"

"வேணாம்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சு. எனக்கும் ஒருதரம் பிளேன்ல ஏறணும், வேற ஊரு ஆஸ்பத்திரியைப் பார்க்கணும்னு ஆசை இருக்காதா? ஆனா அவர் வேணாம்னு சொல்லலியேன்னு ஆத்திரமாவும் இருந்துச்சு. ரெண்டும்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஞானசீலனிடம் நாய்களைப் பற்றிக் கேட்டேன். வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நாய்ங்க பாட்டுக்கு சும்மாதான் உக்காந்துகினு இருந்துச்சு பாப்பா. எனக்குத்தான் அங்க உக்கார முடியல." தண்ணீரை ஊற்றினார். "வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவா. நின்னுட்டு, அதே பஸ்ஸைப் பிடிச்சு அதே ஓ.பி.க்குப் போவா. இத்தினி வருஷத்துல அவளுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைகூட என்னால குடுக்க முடியல. அவளே எடுத்துகினு வந்ததை நான் எப்படி வேணாம்னு சொல்றது?" இதையும் அவர் தணிவாகத்தான் சொன்னதாக நினைத்திருப்பார். எங்கள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டி, வண்டியை ஒரு புளியமர ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே "போய்ட்டு வா புஷ்பம்" என்றிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'நான் வர்றதுக்குள்ள அந்தக் கட்டிலை நிமுத்தி வைங்க, இடுப்பு போய்ட்ச்சி'ன்னேன்" என்றார் சிஸ்டரம்மா. "வேற இன்னா சொல்றது?"

அவர் புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. மெட்ராஸ் வரை போய் வழியனுப்ப ஞானசீலன் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளி நசீர் அகமதுவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் இரண்டாவது ஃபிட்டரை வைத்துவிட்டு, ஞானசீலனைக் கூப்பிட்டு அனுப்பினார். "இனிமே உனக்கு ஞாயித்துக்கிழமை லீவு. காலைலயே சர்ச்சுக்குப் போ, உன் ஜனங்களோட இரு. வெள்ளிக்கிழமை காலி வீட்ல தனியா இன்னா பண்ணப்போறே?" என்றார். இத்தனை வருஷம் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது. ஞானசீலன் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அந்த ஞாயிறு அவர் காலை ஆராதனைக்குப் போனதை நான் பார்த்தேன். சீக்கிரமே வந்துவிட்டார். வாசலுக்கும் காலி மனைக்குமாக நடந்தார். இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் துடைத்து, திரும்பப் பரணில் வைத்தார். மத்தியானம் என் அம்மாவிடம் வந்து, "அக்கா, இப்ப அங்க அவளுக்கு டூட்டி நேரம்" என்றார். அம்மா, "ஆமாம்" என்றார்.

மறுநாள் காலை முதலாளி அறைக்குப் போய், தனக்கு வெள்ளிக்கிழமையே வேண்டும் என்றிருக்கிறார். அதே ஷாப்பில் கணக்கு எழுதும் என் அண்ணன் அப்போது அங்கே இருந்தான்.

"உனக்கு மூளை இருக்குதா ஃபிட்டர்? இத்தினி வருஷம் உயிரை எடுத்தே. குடுத்தா வேணாங்கறே?"

"அவளுக்கு அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு மொதலாளி."

நசீர் அகமது கொஞ்ச நேரம் மேஜைமேல் இருந்த தோல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "போ. பேஜார் புடிச்ச ஆளு" என்றாராம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஞானசீலன் வண்டிக்குச் சாம்பிராணி போடுகிறார். பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார். வெள்ளைத் திரைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மாட்டுகிறார். குடம் நிற்கிற வளையத்துக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார். வாசனையோடு போராட்டம் ஓயவில்லை. பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தால், திடீரென்று "இப்பதான் எழுந்து காப்பி போடுவா" என்பார். எல்லாம் செய்கிறவர் அந்தக் கட்டிலை மட்டும் தொடவில்லை. "நிமுத்தி வைக்கச் சொன்னாங்களே ஃபிட்டர்?" என்று என் அண்ணன் கேட்டான். "டைம் இருக்குதுல்ல" என்றார்.

போன வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் ஜும்ஆ முடிந்து திரும்பிய நேரம். அம்மா தால்ச்சாக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, ஃபிட்டருக்குக் கொடுத்துவிட்டு வா என்றார். வீடு பூட்டியிருந்தது. காலி மனையில் வேனின் பின்கதவு திறந்திருக்க, நாய்கள் நிழலில் படுத்திருந்தன. உள்ளே ஞானசீலன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். விரிப்பு நடுப்பள்ளத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. அவர் கட்டிலின் ஒரு விளிம்பில் ஒருக்களித்து ஒட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.